பிரிக்காத பெட்டி

பிரவீனாவின் இடது காதில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மெல்லிய செருமல்தான். கூட்டத்தில் பேச எழுந்த ஆள் பேசாமலே உட்கார்ந்துவிடுவாரே, அப்போது வருகிற மாதிரி. ஆனால் அந்தக் காது செத்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போனது. நரம்பு போச்சு, இனிமேல் வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வலது காதைப் பொத்திக்கொண்டால் பக்கத்தில் சரவெடி வெடித்தாலும் அவளுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட காதில், மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், செவிலிமேட்டு வீட்டின் மாடி அறையில், ஓர் ஆள் செருமினான்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. கணவன் தனசேகரன் கடைக்குப் போயிருந்தான். கதவு சாத்தியபடி இருந்தது. ஹெட்போன் தலையில் இருந்தது, பிளேயரில் நாலாவது சிடி சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த சிடி வந்த பெட்டி மேஜை மேல் திறந்து கிடந்தது. பேல் டிரோவர்ஸ் என்று ஒரு ராக் பேண்டு. அரை நூற்றாண்டுக்கு முன்னால் இங்கிலாந்தில் நாலு நீளமுடிக்காரர்கள் சேர்ந்து நடத்தியது. நாலு பேரில் மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை. பாட்டுக் கம்பெனி மட்டும் விடுவதாக இல்லை. அதே பழைய ஆல்பங்களைத் தேய்த்துக் கழுவி, புதிதாகக் கண்டுபிடித்தோம் என்று எதையாவது கூடச் சேர்த்து, தலையணை கனத்துக்கு ஒரு பெட்டியில் போட்டு மறுபடி மறுபடி விற்கிறது. பிரவீனாவும் மறுபடி மறுபடி வாங்குகிறாள். அதுவும் இரண்டிரண்டாக. ஒன்று பிரித்துக் கேட்க, இன்னொன்று மேலே சுற்றிய பிளாஸ்டிக்கில் நகம்கூடப் படாமல் பீரோவில் வைக்க. பெட்டி சேர்ப்பவர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான் இது. ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

"ஊர்ல பொம்பளைங்க பட்டுப்பொடவை சேப்பாங்க, இவ டப்பா சேக்குறா" என்று நாத்தனார் பெரியநாயகி ஒரு கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்கச் சொன்னபோது, "உங்க பொடவையும் மடிப்புக் கலையாமத்தானே கெடக்குது அண்ணி, என் டப்பாவாச்சும் பாடுது" என்று இவளும் நாலு பேர் கேட்கவே சொன்னாள். இருக்கிற ஒரே காதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், ஹெட்போனைத் தூக்கிப் போடுங்கள் என்று டாக்டர் சொன்னபோதும் அப்படித்தான். "பாட்டு கேக்காத காது எதுக்கு டாக்டர், கம்மல் மாட்டவா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். வேண்டாம் என்று யாராவது சொன்னால் போதும், அவளுக்கு அது கட்டாயம் வேண்டும்.

செருமலை மறுபடி கேட்டுப் பார்த்தாள். நாலாவது சிடியில் பாட்டு குறைவு. ஸ்டூடியோவில் டேப் ஓடிக்கொண்டே இருந்தபோது சிக்கிய மிச்சம் மீதிதான் அதில் இருந்தது. பாதியில் நின்ற பாட்டு, சிரிப்பு, நாற்காலி இழுபடுவது, கிடார் கம்பியை முறுக்குவது. இதெல்லாம் வலது காதில் கேட்டது. இடது காதில் பெரிய ஒரு அறையின் காலித்தன்மை கேட்டது. ஈரச் சுவர், உயரமான கூரை, ஆளில்லாத மூலை, அந்த மூலையில் மூக்கால் மூச்சு விடுகிற ஓர் ஆள்.

ஹெட்போனைக் கழற்றி இடம் வலம் மாற்றிப் போட்டாள். ஒரு காது போனதிலிருந்து இது வழக்கம். இடப்பக்கத்துக் கிடாரைக் கேட்க வேண்டுமென்றால் ஹெட்போனைத் திருப்பி வலது காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இப்போது மூச்சு வலது பக்கம் வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை. கிடார் மாறியது, சிரிப்பு மாறியது, மூச்சு மட்டும் செத்த காதை விட்டு நகரவில்லை.

பயந்திருக்க வேண்டிய இடம் இதுதான். பிரவீனாவுக்கு வந்ததோ அழுகை, அதுவும் சந்தோஷத்தில். மூன்று வருஷம் கழித்து உலகத்துக்கு இரண்டு பக்கம் இருந்தது. மற்ற சிடிக்களைப் போட்டுப் பார்த்தாள், இடது காது பழையபடி கல்லாகக் கிடந்தது. இந்த நாலாவதில் மட்டும்தான் கேட்டது. சரி, இதில் மட்டுமாவது கேட்கட்டும்.

ராத்திரி தனசேகரனிடம் சொன்னாள். அவன் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் சேல்ஸ்மேன். காலையிலிருந்து ராத்திரி வரை "வாங்கம்மா, இந்த பார்டரைப் பாருங்கம்மா" என்று பேசியே குடும்பத்தைக் கரையேற்றுகிறவன். வெல்லம் கரைத்த மாதிரி ஒரு குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவளும் கல்யாணத்துக்குத் தலையாட்டினாள்.

"காது திரும்ப வருதுன்னா நல்லதுதானே பிரவீ" என்றான். பிறகு, "ஆனா மூச்சு விடுறான்னு சொல்றியே, அத்த விட்டுடேன்" என்றான்.

"மாட்டேன்."

"தெரியும்" என்று சிரித்தான்.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து ஒரகடம் கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் முகம் கழுவிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். ஒவ்வொரு முறையும் அறை இன்னும் துலக்கமாகக் கேட்டது. பேண்டு வாசிக்கும்போது மூலையிலிருப்பவன் மூச்சை அடக்கிக்கொள்கிறான் என்று கண்டுபிடித்தாள். ரசிப்பதற்காக அடக்கவில்லை. ஒரு சத்தமும் தவறிவிடக் கூடாது என்று அடக்குகிறான். அப்படிக் கேட்கும் ஆட்களை அவளுக்குத் தெரியும், அவளும் அப்படித்தான் கேட்பாள்.

வியாழக்கிழமை அந்த அறைக்குள் தறி அடித்தது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஸ்டூடியோ, ஐம்பது வருஷப் பழைய டேப், அதற்குள் கைத்தறி. பலகை வந்து மோதும் கனத்த அடி, நடுவில் ஊடைநூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும் சரசரப்பு, ஏழெட்டு அடிக்கு ஒருமுறை ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணுவுக்கு வலது முட்டி வலி, மிதியை மாற்றும்போது அப்படித்தான் தயங்குவார்.

ஹெட்போனைக் கழற்றினாள். ஜன்னல் திறந்திருந்தது. துரைக்கண்ணு வீட்டுத் தறிக்கூடத்தில் விளக்கு எரிந்தது, அவர் தறியில் உட்கார்ந்து பலகையை இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. தெருவில் நாய் குரைத்தது, டவுன் பஸ் ஹாரன் அடித்தது, யார் வீட்டிலோ குக்கர் கூவியது. எல்லாம் வலது காதில் சரியாகக் கேட்டது. தறி மட்டும் துணியைத் துணியால் அடிப்பது போல அடித்தது.

அவர் நிறுத்தினார். தலையைச் சாய்த்துப் பலகையைப் பார்த்தார். மறுபடி ஒரு முறை, வேண்டுமென்றே ஓங்கி அடித்தார். பிறகு எழுந்து வாசலுக்கு வந்து, மாடி ஜன்னலில் நின்ற இவளைப் பார்த்தார்.

"ஏம்மா, உனுக்குக் கேக்குதா?"

"இல்லண்ணா."

"நேத்திலேர்ந்து கொஞ்சங் கொஞ்சமா கொறைஞ்சிக்கினே வந்துச்சு. என் காதுதான் போச்சோன்னு பாத்தேன், வூட்ல இருக்கவளுக்கும் கேக்கல." அவர் குரலில் வெட்கம் இருந்தது, ஏதோ தப்பு செய்துவிட்டவரைப் போல. "சத்தம் இல்லாம நெய்ய முடியலம்மா. கை எங்க இருக்குதுன்னே தெரில."

பிரவீனா ஜன்னலைச் சாத்தினாள். மேஜை மேல் கிடந்த ஹெட்போனைக் காதில் வைக்காமலே பார்த்துக்கொண்டு நின்றாள். பயமாகத்தான் இருந்தது. பயத்தை விடக் கோபம் அதிகமாக இருந்தது. முட்டி வலியோடு ஒரு மனிதர் அடிக்கும் அடியைத் தூக்கிக்கொண்டு போக இவன் யார்?

வேலூரில் இருக்கும் கிரேஸுக்குப் போன் செய்தாள். கிரேஸும் பெட்டி சேர்ப்பவள், இதே பெட்டியை வாங்கியிருந்தாள். தறியைப் பற்றிச் சொன்னால் சிரிப்பாள் என்று, நாலாவது சிடியில் வேண்டாத சத்தம் கேட்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"என்துல அப்டி ஒண்ணும் இல்லயேப்பா. முழுசாக் கேட்டேனே" என்றாள் கிரேஸ். "உன் காப்பிதான் டிஃபெக்ட்டு போல. சீல் போட்டது இன்னொண்ணு வச்சிருக்க இல்ல? அத்தப் பிரிச்சிப் போட்டுப் பாரு. ரெண்டையும் வச்சிக் கேட்டா தெரிஞ்சிடும்."

வேறு யாராக இருந்தாலும் அந்த சிடியை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கற்பூரம் சுற்றியிருப்பார்கள். சேர்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றாது. ஒரு காப்பி கெட்டது என்றால் இன்னொரு காப்பியோடு வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தாள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாணப் பட்டு எடுக்க யாரும் வருவதில்லை என்பதால் அந்த ஞாயிறு தனசேகரனுக்குக் கடையில் லீவு. அவன் வீட்டில் இருக்கும்போது பிரிப்பது நல்லது என்று நினைத்தாள். அந்த நினைப்புக்காகப் பிற்பாடு தன்னை அறைந்துகொண்டாள்.

பீரோவைத் திறந்தாள். அந்துருண்டை வாசனைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்தாள். சாயங்கால வெளிச்சம் ஜன்னல் கம்பி வழியாகத் தரையில் நீளமாக விழுந்திருந்தது. பிளேடை எடுத்து ஓரத்தில் வைத்து இழுத்தபோது பிளாஸ்டிக் கீச்சென்று வாயைத் திறந்தது, புது மையும் அட்டையும் கலந்த வாசனை வந்தது. வழக்கமாக அவளுக்கு அது சுகமான வாசனை. அன்று அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வரும் ஈரச் சுவரின் வாசனை.

நாலாவது சிடியைப் போட்டாள். ஹெட்போனை மாட்டினாள்.

அதே சிரிப்பு. அதே நாற்காலி. தறியும் இருந்தது, ஆக முதல் காப்பி கெட்டுப்போனதில்லை. மூச்சு மூலையில் இல்லை. எழுந்து நடந்து வந்துகொண்டிருந்தது. செருப்பில்லாத கால். மரத்தரை. ஓர் அடி, பிறகு நின்று கேட்டல். ஓர் அடி, பிறகு நின்று கேட்டல்.

வலது பக்க ஹெட்போனை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். கீழே சமையலறையில் தனசேகரன் பாத்திரத்தை உருட்டுவது கேட்டது. அவன் மாடிப்படியின் அடியில் வந்து நின்று, மேலே பார்த்து, எப்போதும் போல இழுத்துக் கூப்பிட்டான்.

"பிரவீ, காபி போட..."

வலது காதில் அவ்வளவுதான் வந்தது.

"...ட்டுமா" என்றது இடது காதில்.

கீழே டம்ளர் விழுந்து உருண்டது.

ஹெட்போன் எங்கே விழுந்தது என்று தெரியாமல் படியில் ஓடினாள். தனசேகரன் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு "பிரவீ" என்றது. காற்றுகூட வரவில்லை. அவன் தொண்டையைப் பிடித்துப் பார்த்தான். சிரிக்க முயன்றான், ஒன்றுமில்லை என்று அவளுக்குச் சொல்வதற்காக. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவளுக்கு உயிர் போனது.

"பயப்படாதீங்க. நான் இருக்கறேன்ல."

அவன் மாடியைக் காட்டினான். இரண்டு கையாலும் எதையோ உடைப்பது போலச் செய்து காட்டினான்.

"ஒடைக்க மாட்டேன்" என்றாள். "ஒடைச்சா உங்க குரலும் போயிடும். அதுக்குள்ள இருக்குதுங்க அது."

அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். வாசல் பக்கம். போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்ப்பார்கள், மாத்திரை எழுதித் தருவார்கள், கடைக்காரர் திங்கட்கிழமையிலிருந்து இரண்டு நாள் பொறுப்பார், அப்புறம் பேசத் தெரிந்த வேறொருவனை வைத்துக்கொள்வார். பிரவீனா கையை விடுவித்துக்கொண்டாள். படி ஏறினாள். அவன் பின்னாலேயே வந்தான். உதடுகள் வேண்டாம் வேண்டாம் என்றன.

அறை இருட்டத் தொடங்கியிருந்தது. பிளேயரின் சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஹெட்போனை மாட்டினாள்.

பேண்டு இல்லை. சிரிப்பு இல்லை. வலது காதில் ஒன்றுமே இல்லை.

இடது காதில், அறையின் கோடியில், தனசேகரனின் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. வாங்கம்மா. இந்த பார்டரைப் பாருங்கம்மா. பிரவீ. பிரவீ. கல்யாணத்துக்கு முன்னால் போனில் சொன்னது. அவன் அம்மா செத்த அன்று அழுதது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, எதுவும் விட்டுப்போகாமல்.

மூச்சு பக்கத்தில் இருந்தது. அவள் தோளுக்குப் பின்னால்.

நின்றிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தது.

"யார்ரா நீ?" என்றாள் பிரவீனா.

மூச்சு ஒருமுறை இழுபட்டது. ஆசையில் இழுபட்டது. அந்த ஆசை அவளுக்குப் புரிந்தது. இல்லாத ஒன்றைக் கடைக் கண்ணாடிக்குள் பார்க்கும்போது அவளுக்கும் அப்படித்தான் மூச்சு இழுபடும்.

"உன்னைத் தெரியும்டா எனக்கு" என்றாள். நடுங்கினாள். நடுங்கிக்கொண்டே சத்தமாகப் பேசினாள். "எல்லாம் வேணும். ஒண்ணு கொறைஞ்சாலும் தூக்கம் வராது. நானும் அந்தக் கூட்டந்தான். ஆனா நான் யார் வூட்டுலயும் கை வைக்கல. காசு குடுத்து வாங்கனேன். நீ திருடன்."

பின்னால் தனசேகரன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் திரும்பவில்லை.

"இந்த வூட்ல உனுக்கு இல்லாதது ஒண்ணுதான் இருக்குது. என்னோடது. வேணுமா? மாத்திக்கலாம். அவர் குரல அவர்கிட்ட வை. அப்புறம் என்னோடத எடு. பயந்துக்கினு குடுக்கறேன்னு நெனைச்சிக்காத. இத்த வச்சி நீ ஒரு நாளும் நிம்மதியாக் கேக்க முடியாது, திட்டிக்கினே இருப்பேன், ஒவ்வொரு தடவையும் திட்டுவேன், நல்லா எடுத்துக்க..."

வலது காதில் அவள் குரல் நின்றது.

"...டா நாயே" என்றது கோடியிலிருந்து.

வாயை மூடவில்லை. கத்திக்கொண்டுதான் இருந்தாள். அது தொண்டையில் தெரிந்தது, காதில் வரவில்லை.

இடது காதில் மூச்சு விலகியது. கால்கள் திரும்பி நடந்தன, அவசரமில்லாமல், நிறைவாக. பிறகு ஒரு கனத்த அட்டை மூடி பெட்டியின் மேல் மெதுவாக இறங்கியது. உள்ளே மாட்டிய காற்று ஓரமாக வழிந்து வெளியேறியது. அப்புறம் இடது காது கல்லானது.

ஹெட்போனைக் கழற்றினாள். தனசேகரன் தொண்டையைத் தொட்டுக்கொண்டு நின்றான். ஏதோ வந்து சேர்ந்துவிட்டது அவனுக்கே தெரிந்தது. முகம் மலர்ந்தது. அவள் அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பேசுங்க என்று உதட்டை அசைத்தாள். ஜெயித்துவிட்டேன், பேசுங்க.

மாற்றும்போது சேர்ப்பவன் எவனும் தன் நல்லதைக் கொடுக்கமாட்டான். தன்னிடம் இரண்டாக இருந்து வேண்டாமல் கிடக்கும் டபுளைத்தான் தள்ளிவிடுவான். இது அவளுக்குத் தெரியாததில்லை.

தனசேகரன் வாயைத் திறந்தான்.

குரல் வந்தது. நாலைந்து வயதுப் பெண் குழந்தையின் குரல். எந்த நாட்டுப் பாஷையோ. தூங்கி எழுந்து இருட்டில் ஆளைக் காணாத குழந்தை கேட்பது போல ஏதோ கேட்டது, பதில் வராததால் இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டது.

அவன் கண்கள் அகன்றன. வாயை மூட முயன்றான், தாடை மூடவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான். பிரவீனாவும் கூடவே உட்கார்ந்து அவன் கைகளின் மேல் தன் கைகளை வைத்து அழுத்தினாள். விரல்களுக்கு நடுவிலிருந்து அந்தக் குழந்தை தன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.